முகக்கவசமா, பரிசோதனையா? அடுத்த பெருந்தொற்றில் விமானப் பயணிக்கு எந்த விதி வேண்டும்

2022 ஏப்ரல் 18, திங்கட்கிழமை மாலை. அமெரிக்காவில் பறந்துகொண்டிருந்த பல விமானங்களில் நடுவானிலேயே ஓர் அறிவிப்பு வந்தது. கொரோனாவுக்காகக் கட்டாயமாக்கிய முகக்கவசம் இனி கட்டாயமில்லை, விரும்பினால் கழற்றிவிடலாம். புளோரிடாவில் கூட்டாட்சி நீதிபதி கேத்ரின் கிம்பால் மிசெல் அன்றுதான் அந்த விதியை ரத்து செய்திருந்தார். சிலர் கைதட்டினார்கள். பக்கத்து இருக்கைக்காரர் கடைசிவரை மாஸ்க் போட்டிருப்பார் என்று நம்பி டிக்கெட் வாங்கிய வேறு சிலருக்கு இறங்கவும் வழியில்லை, இடம் மாறவும் வழியில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு விமானத்தில் வருபவர் முந்தைய நாள் எடுத்த நெகட்டிவ் சான்றைக் காட்ட வேண்டும் என்ற விதி மட்டும் ஜூன் 12 வரை நீடித்தது. ஏறக்குறைய எட்டு வாரங்கள் அந்த நாட்டுக்குப் போகச் சான்று வேண்டும், ஆனால் போகும் விமானத்தில் மாஸ்க் வேண்டாம் என்ற நிலைமை.

இந்தியாவில் இது தலைகீழாக நடந்தது. 2022 பிப்ரவரி 14 முதல், பட்டியலில் இருந்த 82 நாடுகளிலிருந்து வருபவர்கள் இரண்டு டோஸ் தடுப்பூசிச் சான்றிதழை ஏர் சுவிதா என்ற அரசுப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் போதும், ஆர்டிபிசிஆர் (மூக்கு, தொண்டை மாதிரியில் வைரஸைத் தேடும் ஆய்வகப் பரிசோதனை) வேண்டாம் என்றார்கள். விமானத்துக்குள் முகக்கவசம் மட்டும் நவம்பர் 16 வரை கட்டாயமாக இருந்தது. இங்கிலாந்து இரண்டையும் ஏறத்தாழ ஒரே மூச்சில் விட்டது. ஹீத்ரோ விமான நிலையம் மார்ச் 16 அன்று மாஸ்க் கட்டாயத்தை நீக்கியது, மிச்சமிருந்த பயணப் பரிசோதனைகள் மார்ச் 18 அன்று போயின.

ஒரே வைரஸ், ஒரே ஆண்டு, மூன்று வரிசை. இதில் எது புத்திசாலித்தனம்? நடந்து முடிந்ததைக் கிளறுவதற்காக இதைக் கேட்கவில்லை. இன்னொரு பெருந்தொற்று வந்தால் அரசுகள் இதே நான்கைந்து விதிகளைத்தான் மறுபடி எடுத்துக்கொண்டு வரும். எதை முதலில் போட வேண்டும், எதை முதலில் எடுக்க வேண்டும் என்று இப்போதே ஒரு கருத்து வைத்திருப்பது நல்லது. என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: விட்ட வரிசையில் இந்தியா சரி, அமெரிக்கா தப்பு. ஆனால் இந்தியா அதைச் சரியான காரணத்துக்காகச் செய்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒவ்வொரு விதியிடமும் ஒரு கேள்வி கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நீ யாரைக் காப்பாற்றுகிறாய்? முகக்கவசம் அடுத்த இருக்கையில் இருப்பவரைக் காப்பாற்றுகிறது. அவர் எந்த ஊர்க்காரர், ஊருக்குள் ஏற்கெனவே எத்தனை பேருக்கு நோய் என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. பரிசோதனையும் குவாரன்டைனும் (வந்தவரைத் தனிமைப்படுத்துவது) நாட்டின் எல்லையைக் காக்க வந்தவை. எல்லைக்குள் நோய் குறைவாக இருக்கும்வரைதான் அந்தக் காவலுக்கு அர்த்தம். இந்த இரண்டையும் 'பயணக் கட்டுப்பாடு' என்று ஒரே தலைப்பில் போட்டதால்தான் எதை எப்போது எடுப்பது என்று யாருக்கும் புரியாமல் போனது.

முதலில் மாஸ்க். 2020 மார்ச் தொடக்கத்தில் லண்டனிலிருந்து ஹனோய் சென்ற ஒரு விமானத்தைப் பற்றி வியட்நாம் ஆய்வாளர்கள் எழுதியது இன்றும் படிக்கத் தகுந்தது. வணிக வகுப்பில் தொண்டை வலியும் இருமலுமாக ஒருவர் இருந்தார். ஏறக்குறைய பத்து மணி நேரப் பயணம். அப்போது மாஸ்க் கட்டாயமில்லை. பிறகு தொற்று உறுதியான மற்ற 15 பேரில் 12 பேர் அதே வணிக வகுப்பில் இருந்தவர்கள். விசாலமான, ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளிப் போட்ட இருக்கைகள்தான். அப்படியும் இது நடந்தது.

விமானக் காற்று சுத்தமானது என்று விமான நிறுவனங்கள் சொல்வதில் பொய் இல்லை. மேலிருந்து வந்து கீழே பக்கவாட்டில் போகும் காற்று, மணிக்கு 20 முதல் 30 தடவை மாறுகிறது. திரும்பச் சுழலும் காற்று ஹெப்பா வடிகட்டி வழியாக வருகிறது. நுண்துகள்களில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். 2021 டிசம்பரில் அமெரிக்க செனட் குழுவின் முன்பு விமான நிறுவனத் தலைவர் ஒருவர் மாஸ்க்கால் விமானத்துக்குள் பெரிய பயன் இல்லை என்று சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் பக்கத்தில் இருப்பவர் இருமினால் அது வடிகட்டிக்குப் போவதற்கு முன் உங்கள் மூக்குக்கு வந்துவிடுகிறது. இன்னொன்று, அந்த 20, 30 தடவைக் கணக்கு பறக்கும்போது உள்ள கணக்கு. தரையில் நிற்கும்போது காற்றமைப்பு எப்போதும் முழு வேகத்தில் ஓடுவதில்லை. 2020 செப்டம்பர் இறுதியில் துபாயிலிருந்து கோலாலம்பூர் வழியாக நியூசிலாந்து போன விமானத்தில் வந்த 86 பேரில் ஏழு பேருக்குப் பிறகு தொற்று தெரியவந்தது. வைரஸின் மரபணுவை ஒப்பிட்டதில் விமானத்திலேயே பரவியதற்கான தடயங்கள் கிடைத்தன. அந்த விமானம் கோலாலம்பூரில் எரிபொருள் நிரப்ப நின்றபோது துணை மின்அமைப்பு அரை மணி நேரம் அளவுக்கு அணைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். அது அணைந்தால் காற்றோட்டமும் நின்றுவிடும்.

ஆக, மாஸ்க்குக்கு மிக அதிக வேலை இருப்பது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். நடைபாதையில் முட்டி மோதிக்கொண்டு, மேலே பெட்டி வைக்க இடம் தேடி, முன்னால் நிற்பவரின் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும் அந்த அரை மணி நேரம். விதிகளோ இதைக் கவனிக்கவே இல்லை. பயணம் முழுக்க மாஸ்க் போடு என்றன. அப்புறம் சாப்பாடு வந்ததும் விமானம் முழுக்க ஒரே நேரத்தில் கழற்றினார்கள். நீண்ட பயணத்தில் ஒரு கோப்பை ஜூஸைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று மணி நேரம் ஓட்டியவர்கள் உண்டு.

எந்த மாஸ்க் என்பதிலும் பெரிய வேறுபாடு இருந்தது. ஜெர்மனியின் லுஃப்தான்சா 2021 பிப்ரவரி முதலே துணி மாஸ்க் செல்லாது, மருத்துவ மாஸ்க் அல்லது எஃப்எஃப்பி2 (என்95க்கு இணையான, நுண்துகளை வடிகட்டும் மாஸ்க்) வேண்டும் என்றது. அமெரிக்காவில் கடைசிவரை துணி மாஸ்க் செல்லுபடியானது. இந்தியாவில் தாடைக்கு மாட்டியதுகூட நடைமுறையில் செல்லுபடியானது என்பது பயணித்த எல்லாருக்கும் தெரியும். 2020 மே 25 அன்று உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோது நம் ஊரில் இருந்த உற்சாகமே வேறு. முகத்துக்கு மறைப்பு, கையில் சானிடைசர் பாக்கெட், நடு இருக்கைக்காரருக்கு மட்டும் முதல் நாள் மாப்பிள்ளைபோல் தனிக் கவுன். நடு இருக்கையை முடிந்தவரை காலியாக விடுங்கள், முடியாவிட்டால் மேலங்கி கொடுங்கள் என்று விமானப் போக்குவரத்து இயக்ககம் ஜூன் 1 அன்று சொன்னதன் விளைவு அது. அந்த நெகிழி நூலிழைக் கவுன் காற்றில் வரும் நோயை எப்படித் தடுக்கும் என்று யாரும் விளக்கவில்லை. அதற்கான பணத்தில் எல்லாருக்கும் ஆளுக்கொரு நல்ல என்95 கொடுத்திருக்கலாம்.

மாஸ்க்கின் விலை பணத்தில் இல்லை, சண்டையில் இருக்கிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு 2021இல் பயணிகளின் அடாவடி பற்றி வந்த 5,981 புகார்களில் 4,290 மாஸ்க் தொடர்பானவை. அதாவது பத்துக்கு ஏழு. அந்தச் சண்டையை வாங்கிக் கட்டிக்கொண்டது விதி போட்டவர்கள் இல்லை, விமானப் பணிப்பெண்களும் பணியாளர்களும். இதில் ஒரு பகுதி அமெரிக்காவே தேடிக்கொண்ட வினை. இரண்டு வயதுக் குழந்தைக்கும் மாஸ்க் கட்டாயம் என்றார்கள். குழந்தை பிய்த்துப் போட்டதற்காகக் குடும்பத்தையே இறக்கிவிட்ட செய்திகள் வந்தன. உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வேண்டாம் என்றுதான் சொன்னது. இந்தியாவின் வழிகாட்டுதலும் அதுவே. இங்கே சிக்கல் வேறு விதம். விதி இருந்தது, யாரும் கேட்கவில்லை. 2022 ஜூன் 3 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், மாஸ்க் போட மறுப்பவர்களை விமானத்திலிருந்து இறக்குங்கள், பறக்கத் தடைப் பட்டியலில் சேருங்கள் என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே ஒரு நீதிமன்றம் விதியை ரத்து செய்து ஏழு வாரம் கூட ஆகவில்லை, இங்கே இன்னொரு நீதிமன்றம் அதே விதிக்கு உயிர் கொடுத்தது.

இப்போது பரிசோதனைக்கு வருவோம். நம் மக்களுக்கு அதிகச் செலவும் அலைச்சலும் வைத்தது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கிளம்புவதற்கு முன் எடுக்கும் பரிசோதனைக்கு அமெரிக்கா 2021 ஜனவரி 26இல் தொடங்கும்போது மூன்று நாள் அவகாசம் கொடுத்தது. ஒமைக்ரான் என்ற புது வகை வைரஸ் வந்ததும் டிசம்பர் 6 முதல் ஒரே நாளாகச் சுருக்கியது. இந்தியா 72 மணி நேரம் என்று வைத்திருந்தது. இதில் அமெரிக்கா செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். அது 24 மணி நேரம் என்று சொல்லவில்லை, முந்தைய நாள் என்றது. இரவு விமானத்துக்கு முந்தைய நாள் காலையில் மாதிரி கொடுத்தாலும் செல்லும். மணிக்கணக்கு வைத்த நாடுகளுக்குப் போனவர்கள், விமானம் தாமதமானதால் சான்று காலாவதியாகி கவுன்டரில் வாதாடியதை மறந்திருக்க மாட்டார்கள். திருச்சியிலோ மதுரையிலோ இருந்து கிளம்பி, சென்னையில் மாறி, வளைகுடாவில் இன்னொரு தடவை மாறிப் போகிறவருக்கு 'கிளம்பும் நேரம்' என்பது எது என்பதே பெரிய ஆராய்ச்சி.

இந்த அலைச்சலுக்குக் கிடைத்த பலன் என்ன? 2021 ஏப்ரல் 4 அன்று டெல்லியிலிருந்து ஹாங்காங் போன ஒரு விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் 72 மணி நேரத்துக்குள் எடுத்த நெகட்டிவ் சான்றோடுதான் ஏறினார்கள். ஹாங்காங் குவாரன்டைனில் ஐம்பதுக்கும் மேற்பட்டோருக்கு பாசிட்டிவ் வந்தது. போலிச் சான்று, ஆய்வகக் கோளாறு என்று பல பேச்சு அடிபட்டது. அவை இருந்திருக்கலாம். அவை இல்லாமலேயேகூட இந்த விதி தோற்கும். தொற்று ஏற்பட்ட முதல் நாளில் ஆர்டிபிசிஆர் எடுத்தால் ஒன்றும் தெரியாது. நான்காம் நாளிலும் மூன்றில் இரண்டு பேருக்குத் தப்பாக நெகட்டிவ் வரலாம் என்பது 2020இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடு. டெல்லியில் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த ஏப்ரலில், வியாழக்கிழமை நெகட்டிவ் வாங்கியவர் வெள்ளியும் சனியும் யாரையெல்லாம் பார்த்து விடைபெற்றாரோ யார் கண்டது. நம் வீடுகளில் வெளிநாடு கிளம்புவது என்றால் கடைசி இரண்டு நாளில்தான் சொந்தபந்தமெல்லாம் வந்து நிற்கும்.

ஆர்டிபிசிஆரில் எதிர்த்திசைத் தப்பும் உண்டு. நோய் குணமாகி, பரப்பும் காலம் முடிந்த பிறகும் வாரக்கணக்கில் அது பாசிட்டிவ் காட்டும். மகளின் பிரசவத்துக்குக் கிளம்பிய தாயார், வேலைக்குச் சேர வேண்டிய இளைஞர் எனப் பலர் உடம்பு தேறிய பின்னும் டிக்கெட்டைத் தள்ளித் தள்ளிப் போட்டது இதனால்தான். அமெரிக்கா இதற்கு ஒரு வாசல் வைத்திருந்தது. கடந்த 90 நாளுக்குள் பாசிட்டிவ் வந்த சான்றும் மருத்துவர் கடிதமும் இருந்தால் புதிய பரிசோதனை வேண்டாம். சில நிமிடங்களில் முடிவு தரும் ஆன்டிஜென் பரிசோதனையையும் அது ஏற்றுக்கொண்டது. இந்தியா ஆர்டிபிசிஆர் மட்டுமே என்று நின்றது. 'அதுதான் துல்லியம்' என்பது வாதம். என்னைக் கேட்டால், கிளம்பும் அன்றே எடுக்கும் மலிவான ஆன்டிஜென், மூன்று நாள் பழைய ஆர்டிபிசிஆரைவிட எவ்வளவோ மேல். இன்று இவர் பரப்புவாரா என்பதுதானே கேள்வி.

அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்ட நாடு ஐக்கிய அரபு அமீரகம், ஆனால் கேட்ட விதம் கொடுமை. 2021 ஏப்ரல் இறுதியில் இந்தியப் பயணிகளைத் தடுத்த அந்த நாடு, ஆகஸ்டில் கதவைத் திறந்தபோது 48 மணி நேர ஆர்டிபிசிஆரும் வேண்டும், அதற்கு மேல் விமான நிலையத்திலேயே கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன் ரேபிட் பிசிஆரும் வேண்டும் என்றது. முதலில் நான்கு மணி நேரம், பிறகு ஆறு. சென்னை விமான நிலையத்தில் அதற்கென்று தனி இடம் அமைத்தார்கள். நள்ளிரவு விமானத்துக்கு மாலையிலேயே பெட்டி சட்டியோடு வந்து, வரிசையில் நின்று, குச்சியை மூக்கில் விட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் கவரில் பாஸ்போர்ட்டையும் விசாவையும் முதல் சான்றின் பிரின்ட் அவுட்டையும் மார்போடு அணைத்தபடி முடிவுக்குக் காத்திருப்பார்கள். கியூஆர் கோடு சரியாக ஸ்கேன் ஆகவில்லை என்றால் அது இன்னொரு பதற்றம். வந்தவர்களில் பெரும்பாலோர் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர்கள். பெயர் கூப்பிட்டு, பாசிட்டிவ் என்று சொல்லிவிட்டால் டிக்கெட் போச்சு, சில பேருக்கு வேலையும் போச்சு. மருத்துவக் கணக்கில் இது 72 மணி நேர விதியைவிடச் சிறந்தது. ஆனால் தோல்வியின் முழுச் செலவையும் சம்பளம் குறைந்தவர் தலையில் கட்டியது. 2022 பிப்ரவரியில் அந்த ரேபிட் பரிசோதனையைக் கைவிட்டார்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் தனியார் ஆய்வகங்களுக்கு வைத்த உச்சவரம்பு 4,500 ரூபாய். பிறகு படிப்படியாக இறங்கியது. ஆனாலும் நான்கு பேர் கொண்ட குடும்பம் போக வர எடுக்கும் பரிசோதனைகளைக் கூட்டிப் பார்த்தால், அதே தொகைக்கு ஒரு பெட்டி என்95 வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இறங்கிய பிறகு பரிசோதனை, அதற்கு மேல் குவாரன்டைன் என்பது மூன்றாவது வழி. இதில் பாதி அளவு என்று ஒன்று கிடையாது. முழுதாகச் செய்தால் பலன் உண்டு, கொஞ்சமாகச் செய்தால் வெறும் சடங்கு. முழுதாகச் செய்தது நியூசிலாந்து. 2020 மார்ச்சில் எல்லையை அடைத்து, வந்தவர்களை இரண்டு வாரம் அரசு கண்காணிப்பில் விடுதியில் வைத்தது. நீண்ட காலம் நாட்டுக்குள் நோயே இல்லாமல் வாழ்ந்தார்கள். விலை? சொந்த நாட்டுக்காரர்களே ஊர் திரும்ப குலுக்கலில் அறை கிடைக்குமா என்று மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். அந்த ஒதுக்கீட்டு முறை குடிமக்கள் நாடு திரும்பும் உரிமையை மீறியது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றமே 2022 ஏப்ரலில் சொன்னது. ஹாங்காங் இன்னும் ஒரு படி மேலே போய் 21 நாள் வைத்தது. ஆனால் உள்ளே இருந்த முதியவர்களுக்குத் தடுப்பூசி போடுவதில் கோட்டை விட்டது. 2022 தொடக்கத்தில் ஒமைக்ரான் எப்படியோ உள்ளே நுழைந்தபோது ஐந்தாம் அலையில் 9,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லைக் காவல் நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். வாங்கிய நேரத்தில் என்ன செய்தோம் என்பது வேறு கணக்கு.

இங்கிலாந்தின் சிவப்புப் பட்டியல், அதாவது அது ஆபத்து அதிகம் என்று ஒதுக்கிய நாடுகளின் பட்டியல், நம்மை நேரடியாகத் தொட்டது. 2021 ஏப்ரல் 23 முதல் ஆகஸ்ட் 8 வரை இந்தியா அதில் இருந்தது. விடுதிக் குவாரன்டைனுக்கு ஒருவருக்கு 1,750 பவுண்டு. பட்டியலில் சேர்க்கப் போகிறோம் என்று நான்கு நாள் முன்பே அறிவித்ததால், அதற்குள் எப்படியாவது போய்விட வேண்டும் என்று டிக்கெட்டுக்கு அடிதடி. நோயைத் தடுக்கப் போட்ட விதி, நோய் வேகமாக ஏறிக்கொண்டிருந்த வாரத்தில் கூட்டத்தை விமானத்துக்குத் தள்ளியது.

இந்தியாவின் சொந்த அனுபவம் இன்னும் தெளிவானது. ஒமைக்ரான் பயத்தில் 2021 டிசம்பர் 1 முதல், ஆபத்துப் பட்டியல் நாடுகளிலிருந்து வருபவர்கள் விமான நிலையத்திலேயே மாதிரி கொடுத்து முடிவு வரும்வரை அங்கேயே காத்திருக்க வேண்டும், நெகட்டிவ் வந்தாலும் ஏழு நாள் வீட்டில் இருக்க வேண்டும், எட்டாம் நாள் மறுபடி பரிசோதனை. மறுநாளே, டிசம்பர் 2 அன்று, நாட்டின் முதல் இரண்டு ஒமைக்ரான் தொற்றுகளை அரசு அறிவித்தது. இரண்டும் பெங்களூரு. ஒருவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர். இன்னொருவர் வெளிநாடே போகாத மருத்துவர். வாசலில் பூட்டு போட்ட மறுநாளே விருந்தாளி வீட்டுக்குள் இருப்பது தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் பத்து வாரம் பயணிகளை விமான நிலையத்தில் உட்கார வைத்ததில் என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நான்காவது வழியைப் பயணிகள் பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஒவ்வொரு விமானத்திலும் இரண்டு சதவீதம் பேரை மட்டும் எடுத்துப் பரிசோதிப்பது. 2022 பிப்ரவரியில் இந்தியா இதற்கு மாறியது. பின்னர் நவம்பர் 22 அன்று ஏர் சுவிதா படிவத்தையே தூக்கியது. மாதிரி கொடுத்தவர் முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம், வீட்டுக்குப் போகலாம். நோக்கம் ஆளைப் பிடிப்பதல்ல, புது வகை வைரஸ் வருகிறதா என்று பார்ப்பது. அமெரிக்கா இதை 2021 செப்டம்பரிலேயே நியூயார்க், நியூவார்க், சான் பிரான்சிஸ்கோ விமான நிலையங்களில் தொடங்கியது. விரும்புகிறவர் மட்டும் மூக்கில் குச்சி விட்டுக்கொள்ளலாம். அப்புறம் இன்னும் கெட்டிக்காரத்தனமாக, 2022 ஆகஸ்ட், செப்டம்பரில் நியூயார்க்கில் வந்து இறங்கிய விமானங்களின் கழிவுநீரையே எடுத்துப் பார்த்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த 80 மாதிரிகளில் 65இல் வைரஸ் இருந்தது, அதாவது 81 சதவீதம். யாரையும் தடுக்கவில்லை, யாரிடமும் பணம் வாங்கவில்லை, யாருடைய டிக்கெட்டும் வீணாகவில்லை. கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யும்போது கூடவே ஒரு குப்பி பிடித்துக்கொள்ளும் வேலைதான்.

இது யாரையும் நோயிலிருந்து காப்பாற்றாது என்பது உண்மை. எச்சரிக்கை மணி மட்டுமே. அந்த மணியைக் கேட்டு மருத்துவமனைகளைத் தயார் செய்யாவிட்டால் வீண். ஆனால் ஏழை நாட்டுக்கும் கட்டுப்படியாகக்கூடிய, பெருந்தொற்று இல்லாத காலத்திலும் ஓட்டக்கூடிய ஒரே வழி இதுதான்.

இவ்வளவு அனுபவத்துக்குப் பிறகும் அரசுகள் என்ன செய்தன என்பதற்கு 2023 ஜனவரி சாட்சி. சீனா கட்டுப்பாடுகளைக் கைவிட்டு, ஜனவரி 8 அன்று குவாரன்டைனையும் நீக்கப் போகிறது என்றதும் எல்லாருக்கும் பழைய பயம். சீனப் பயணிகளைப் பரிசோதிப்பது நியாயமற்றது என்று ஐரோப்பிய நோய்த் தடுப்பு மையம் டிசம்பர் இறுதியிலேயே சொல்லியும், ஒரு வாரத்தில் ஐரோப்பிய நாடுகள் நெகட்டிவ் சான்று கேட்கலாம் என்று கூடிப் பேசி முடிவெடுத்தன. இந்தியா ஜனவரி 1 முதல் சீனா, ஹாங்காங், ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து பயணிகளுக்கு ஆர்டிபிசிஆரைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கா ஜனவரி 5 முதல் சீனா, ஹாங்காங், மக்காவ் பயணிகளிடம் சான்று கேட்டது. சான்று கேட்ட இந்த நாடுகள் எல்லாவற்றிலும் அந்த வைரஸ் ஏற்கெனவே தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிப்ரவரி, மார்ச்சில் சத்தமில்லாமல் விதிகளை எடுத்துவிட்டார்கள். உள்ளூர் மக்களுக்கு 'ஏதோ செய்கிறோம்' என்று காட்டுவதற்குப் பரிசோதனை மாதிரி வசதியான விதி இல்லை. வெளியூர்க்காரன் அலைவான், உள்ளூர்க்காரனுக்கு வலிக்காது. மாஸ்க் அப்படி இல்லை, ஓட்டுப் போடுகிறவன் மூக்கிலும் உட்காரும். அமெரிக்கா மாஸ்க்கை முதலில் விட்டு பரிசோதனையைப் பிடித்து வைத்துக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய மருத்துவக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பரிசோதனையை நீக்கியதும்கூட விமான நிறுவனங்களும் சுற்றுலாத் துறையும் மாதக்கணக்கில் நெருக்கிய பிறகுதான்.

சரி, முடிவெடுக்கும் இடத்தில் நான் இருந்தால்? புது நோய், உள்ளே இன்னும் வரவில்லை என்றால் முதல் சில வாரங்களுக்கு இறங்கும் இடத்தில் முழுக் குவாரன்டைன், அரசு செலவில். அரைகுறையாக வேண்டாம், பயணியின் பணத்தில் நடத்தவும் வேண்டாம். செலவு தன் தலையில் விழுந்தால்தான் அரசு அதை நீட்டிக்காமல் இருக்கும். வெளிநாடே போகாத ஒருவருக்கு நோய் உறுதியான அன்றே அந்தக் குவாரன்டைனுக்கும் எல்லைப் பரிசோதனைக்கும் முடிவு கட்டும் வேலை தொடங்க வேண்டும். அந்த நாள் பெங்களூருவில் எப்படி வந்ததோ அப்படித்தான் எங்கும் வரும்.

அதற்குப் பிறகு மாஸ்க் மட்டும் போதும். ஆனால் துணி கூடாது, என்95 வகை என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், நுழைவாயிலிலேயே ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை விட்டுவிட வேண்டும். கட்டாயத்தை ஏறுவது முதல் விமானம் மேலெழும்வரை, இறங்கத் தொடங்கியது முதல் வெளியே வரும்வரை என்று சுருக்கினால் சாப்பாட்டு நேரச் சண்டை பாதி குறையும். நடுவானில் விரும்பியவர் போட்டுக்கொள்ளட்டும். பரவல் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் மட்டும் முழுப் பயணத்துக்கும் நீட்டலாம். இத்தோடு, பயணிகள் உள்ளே இருக்கும்போது தரையில் காற்றோட்டத்தை அணைக்கக் கூடாது என்று விமான நிறுவனங்களுக்கு ஒரு கட்டளை. இதற்குப் பயணி ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, இதைப் பற்றி யாரும் பேசுவதுமில்லை.

விதி போடும் நாளிலேயே அது எப்போது முடியும் என்பதையும் எழுத வேண்டும். அமெரிக்காவின் மாஸ்க் விதி மே, செப்டம்பர், ஜனவரி, மார்ச், ஏப்ரல் என்று தள்ளித் தள்ளிப் போய், கடைசியாக இரண்டு வாரம் நீட்டித்த சில நாட்களில் நீதிமன்றத்தில் விழுந்தது. மருத்துவமனைப் படுக்கைகளில் இத்தனை சதவீதத்துக்குக் கீழே வந்தால் விதி தானாக நீங்கும் என்று முதலிலேயே எண் கொடுத்திருந்தால் கேட்பவர்களும் கேட்டிருப்பார்கள், நடுவான அறிவிப்புக்கும் வேலை இருந்திருக்காது. ஜெர்மனி 2022 அக்டோபர் 1 அன்று விமானத்தில் மாஸ்க்கை விட்டுவிட்டு நெடுந்தூர ரயிலில் எஃப்எஃப்பி2வைக் கட்டாயமாக வைத்திருந்தது. எண் இல்லாமல் பேரம் பேசி விதி போட்டால் இப்படித்தான் ஆகும்.

விதி எதுவும் இல்லாத இன்றைய பயணிக்கும் இதே கணக்கு உதவும். ஏறும் வரிசையில் ஒரு நல்ல என்95 போட்டுக்கொள்ளுங்கள், தலைக்கு மேல் இருக்கும் காற்றுத் திறப்பைத் திருப்பி முகத்துக்கு நேரே வையுங்கள், விமானம் சமநிலைக்கு வந்த பின் பக்கத்தில் யாரும் இருமவில்லை என்றால் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும் அறிவிப்பு வந்ததும் மறுபடி. வயதான பெற்றோரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கிளம்புவதற்கு மூன்று நாள் முன் பரிசோதனை வேண்டாம். போய் இறங்கிய மூன்றாம் நாள் ஒரு ஆன்டிஜென் எடுத்தால் போதும்.